இக்காரஸ் தீவுக்கு ஒரு படைப்பட்டியல்

சிசிலிக்குப் பட்டியல் உண்டு. மசாலியாவுக்கு உண்டு.
கருங்கடற்கரை ஊர்களுக்கெல்லாம் சேர்த்து ஒரு பக்கம்,
ஓரத்தில் டெல்ஃபினின் காப்பிக் கறை.
எங்கள் கடலில் கிடக்கும் ஃபைலகாவுக்கு மட்டும்
அவன் வைத்திருக்கும் விதிப்புத்தகத்தில் ஒரு வரி இல்லை.

சால்மியாவில் நின்று பார்த்தால்
தீவு தெரிகிற மாதிரி இருக்கும்; தெரியாது.
யவனர் அதற்கு இக்காரஸ் என்று பேர் வைத்துக்
கோட்டை கட்டிக் குடியிருந்தார்கள்.
போன டிசம்பரில் படகேறிப் போய்
காலடியால் அளந்தேன்: பக்கத்துக்கு அறுபது மீட்டர், கொஞ்சம் முன்னே பின்னே.

அறுபதுக்கு அறுபதில் எத்தனை பேர் படுக்கலாம் என்று
என்னைக் கேளுங்கள்.
மினா அப்துல்லா முகாமில் பதினோரு வருஷமாய்
அதற்குத்தான் சம்பளம் வாங்குகிறேன்.
அறைக்கு எட்டுக் கட்டில். கக்கூசுக்குப் பன்னிரண்டு பேர்.
கோவிலுக்கும் கிணற்றுக்கும் இடம் விட்டால்
இருநூறு. நெருக்கினால் இருநூற்றைம்பது.
நெருக்குவார்கள்.

பத்துப் பேருக்கு ஓர் ஈயப்பொம்மை,
ஆக இருபத்தைந்து.

நிலம் தருகிறோம் என்று கூட்டிவந்த குடிப்படை,
நெடுவேல், வட்டக் கேடயம்: ஆறு. தலைக்கு ஒன்பது புள்ளி.
சம்பளத்துக்கு வந்தவர்கள், நீளக் கேடயம்: ஆறு. ஏழு புள்ளி.
கிரீட் வில்லாளிகள் இரண்டு, ஐந்தைந்து புள்ளி;
டெல்ஃபின் விடவில்லை.
யானையும் கேட்டான். எந்தப் படகில் ஏற்றுவாய் என்றேன்.
குதிரை வேண்டாம்,
அது குடிக்கிற தண்ணீரில் எட்டுப் பேர் இருப்பார்கள்.
மீதி பதினொன்றும் கவண்காரர்.
எதிர்க்கரை ஆட்கள். மீன் பிடித்தவன், முத்துக்கு மூழ்கியவன்,
சும்மா நின்றதால் சேர்க்கப்பட்டவன்.
இரண்டு புள்ளி.

கூட்டினால் நூற்றிருபத்தெட்டு.
வரம்பு நூற்றிருபது.
குடிப்படை ஆறுக்குக் குறையக் கூடாது என்பது விதி.
நாலு கவண்காரரை எடுத்துவிட்டால் கணக்கு நேர்.
கை தானாகவே எடுத்தது,
பழக்கம்.

மாத்திரை டப்பாவில் பஞ்சு வைத்து
நாலு பேரையும் படுக்க வைத்தேன்.
அவர்களுக்கும் முகம் வரைந்திருந்தேன்,
ஒருவனுக்கு மீசை கோணல்.

மதில் காப்பவன் நொச்சி சூடுவான் என்று
பள்ளியில் படித்த ஞாபகம்.
பல்குத்தும் குச்சி நுனியால்
மிச்சம் ஏழு பேர் தலையிலும் ஒரு நீலப்பொட்டு.
தலைவலியா அவர்களுக்கு என்றான் டெல்ஃபின்.

வெள்ளிக்கிழமை, சாப்பாட்டுக்கூட மேசை.
பிளைவுட் மேல் பசை தடவி, வாசலில் அள்ளிய மணல்.
டெல்ஃபினுடைய கெர்ரா ஒட்டகப்படை
வடக்கிலிருந்து வந்தது.
கவண்காரரைக் கிணற்றடியில் நிறுத்தினேன்.
ஓடினாலும் நட்டமில்லை.
புத்தகம் தெளிவாகச் சொல்கிறது:
சில்லறைப் படை சிதறுவதைப் பார்த்துக்
குடிப்படை மனம் தளராது,
பகடை உருட்டத் தேவையில்லை.

நான்காம் சுற்றில் ஒன்று விழுந்தது, அடுத்ததும் ஒன்று.
குடிப்படை ஓடியது.
ஒன்பது புள்ளிக்காரர்கள், ஆறு பேரும்,
முதுகைக் காட்டிக்கொண்டு கடற்பக்கம்.
பின்னாலேயே சம்பளக்காரர்கள். வில்லாளிகள் எப்போதோ போயாச்சு.

இப்போது சில்லறைப் படை என்ன செய்யும்?
முன்னட்டை முதல் பின்னட்டை வரை புரட்டினோம்.
கேள்வியே இல்லை புத்தகத்தில்.

'ஓடச் சொல்லி எழுதவில்லை,' என்றான் டெல்ஃபின்.
'அப்படியே நிற்கட்டும்.'

நின்றார்கள்.
ஒட்டகம் கிணற்றை நெருங்குகிற ஒவ்வொரு முறையும்
எனக்கு ஆறு விழுந்தது. பகடையைச் சோதித்துப் பார்த்தான்.

எட்டு மணிக்கு தில் பகதூர் பருப்புக் குண்டானோடு வந்து
மேசை வேண்டும் என்றான், இரண்டாம் ஷிப்ட் வந்துவிட்டது.
ஒட்டகங்களை எடுத்தோம். கோட்டையை மடக்கினோம்.
கிணற்றடிக்குக் கை போனது.

அதை விடு என்றேன். குண்டானைக் கொஞ்சம் தள்ளி வை.
டப்பாவைத் திறந்து
அந்த நாலு பேரையும் எடுத்து வெளியே வைத்தேன்.
நூற்றிருபத்தெட்டு.
டெல்ஃபின் பார்த்தான். ஒன்றும் சொல்லாமல்
தட்டை எடுத்துக்கொண்டு வரிசையில் போய் நின்றான்.